கோவேறு கழுதைக்குத் துணை சேர்த்துத் தரும் தோப்பு: காசு கொடுக்கலாமா?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஏறக்குறைய ஆறு ஏக்கரில் ஒரு புளியந்தோப்பு. குதிரை, கழுதை வளர்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த இடம், பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தனியாக நிற்கும் கோவேறு கழுதையைக் கொண்டுபோய் விட்டால், 45 நாள் வைத்திருந்து, அங்கே இருக்கும் கழுதை, மட்டக்குதிரை, ஆடு என்று ஒவ்வொன்றோடும் பழக்கிப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அதையே துணையாகக் கொடுத்தனுப்புகிறார்கள். நாளுக்கு 350 ரூபாய், தீவனம் உட்பட. துணை விலங்கின் விலை தனி. இந்தக் காசுக்கு இது தகுமா என்றால், பெரும்பாலும் தகும். சின்னச் சின்னக் குறைகள் போக, முக்கியமாக இரண்டு இடங்களில் அவர்கள் செய்வது சரியில்லை. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பேசி முடித்த பிறகு விடுவதே நல்லது.

நம் பக்கம் இந்தச் சேவை யாருக்குத் தேவை? மலையில் சுமை தூக்கி ஓய்ந்ததை வாங்கித் தோட்டத்தில் விட்டிருப்பவர்கள், செங்கல் காளவாசலில் இருந்து மீட்டவர்கள், அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை பார்க்கப் போய் இதைப் பிடித்து வந்தவர்கள். இவர்கள் எல்லாரும் செய்யும் முதல் தவறு, ஒற்றையாக வைப்பது. கோவேறு கழுதை கூட்டத்தில் வாழும் பிராணி. ஒற்றையாக நின்றால் வேலி ஓரமாகவே நடந்து நடந்து செம்மண்ணில் தடம் விழுந்துவிடும், ராத்திரி முழுக்கக் கத்தும், மரப்பட்டையைக் கடிக்கும், கேட்டை நெஞ்சால் முட்டித் திறக்கும். திமிர் பிடித்தது என்று காலைக் கட்டிப்போடுகிறார்கள். காலைக் கட்டினால் தனிமை தீர்ந்துவிடாது.

தோப்புக்காரர்களிடம் முதலில் பிடித்துப்போவது, அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. வயதோ விலையோ கேட்பதில்லை. "இது யார்கிட்ட பால் குடிச்சு வளந்துச்சு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். துணை தேடும் வேலையில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

கோவேறு கழுதைக்கு அப்பன் ஆண் கழுதை, தாய் பெண் குதிரை. குட்டியாக இருந்தபோது பார்த்தது, மோந்தது, பின்னால் ஓடியது எல்லாம் குதிரையைத்தான். அதனால் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் குதிரையையே தேடிப் போகும், அதிலும் பெண் குதிரையை. ஸ்பெயினிலும் அமெரிக்க மலைப்பாதைகளிலும் சுமைக்காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு பெண் குதிரையின் கழுத்தில் மணி கட்டி முன்னால் விட்டால் கோவேறு கழுதைகள் அந்தச் சத்தத்தை விட்டு நகராது. ராத்திரி மேய விட்டாலும் காலையில் அந்தக் குதிரையைச் சுற்றியே நிற்கும்.

ஹின்னி இதற்கு நேர் எதிர். அப்பன் குதிரை, தாய் பெட்டைக் கழுதை. நம் ஊரில் இதையும் கோவேறு கழுதை என்றே சொல்லி விற்றுவிடுகிறார்கள், தரகர்களுக்கே வித்தியாசம் தெரிவதில்லை. உருவத்தை வைத்து அடித்துச் சொல்வதும் கஷ்டம். இரண்டுக்கும் குரோமோசோம் 63 (குதிரைக்கு 64, கழுதைக்கு 62), ஆகவே அந்த எண்ணிக்கையைப் பார்த்தும் பிரிக்க முடியாது. ஆனால் கழுதை மடியில் வளர்ந்தது என்பதால் ஹின்னி பெரும்பாலும் கழுதையோடு ஒட்டிக்கொள்ளும், குதிரைப் பக்கம் அவ்வளவாகப் போகாது. வாங்கியவருக்குத் தாய் எது என்று தெரியாவிட்டால், தோப்பில் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க வேலிக்கு அப்பால் மட்டக்குதிரை, எதிர்ப்பக்க வேலிக்கு அப்பால் கழுதை, நடுவில் புதிதாக வந்தது. தீவனத்தை இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு மூன்று நாள் விடுகிறார்கள். சாணம் எந்த வேலி ஓரத்தில் அதிகமாகக் கிடக்கிறது, மத்தியானத் தூக்கம் எந்தப் பக்கம் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். எளிமையான முறை, நல்ல முறை. நிழல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். சித்திரை வெயிலில் நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எதுவும் நிற்கும், அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அவர்களிடம் இருக்கும் துணைகளைப் பார்ப்போம்.

மட்டக்குதிரைதான் கோவேறு கழுதைக்கு முதல் தேர்வு. தோப்பில் இருப்பவை குதிரை வண்டிப் பந்தயத்திலிருந்து ஓய்ந்தவை. வயது வந்த, அமைதியான பெண் குதிரை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கவனிக்க வேண்டியது தீவனத்தில். மட்டக்குதிரைக்குக் கொள்ளும் தவிடும் வைத்தால் பக்கத்தில் நிற்கும் கோவேறு கழுதையும் தின்னும். அது குறைந்த தீனியிலேயே உடம்பு பிடிக்கும் சாதி. கழுத்து மேட்டில் கொழுப்பு கெட்டியாகி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் அடுத்து வருவது குளம்பு வீக்கம். அடர்தீவனத்தைத் தனித்தனியாகக் கட்டி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இதை தோப்பில் ஒழுங்காகச் செய்கிறார்கள். குட்டியோடு இருக்கும் குதிரையை மட்டும் துணையாகத் தர மாட்டேன் என்கிறார்கள், அது மிகச் சரி. பெண் கோவேறு கழுதை குட்டியைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு தாயை விரட்டும். பால் கொடுக்க முடியாததால் குட்டி பட்டினி கிடக்கும். ஆண் கோவேறு கழுதை குட்டியைத் தூக்கி எறிந்து கொன்றே விடலாம்.

அடுத்தது கழுதை. ஹின்னிக்கு இதுதான் முதல் தேர்வு, கோவேறு கழுதைக்கும் மோசமில்லை. உருவம் கொஞ்சமாவது பொருந்த வேண்டும். நம் நாட்டுக் கழுதை சின்ன உடம்பு. பெரிய கோவேறு கழுதை விளையாட்டாகக் கழுத்தைக் கவ்வி மேலே சாய்ந்தாலே இதற்கு முட்டி மடங்கிவிடும். காயடிக்காத ஆண் கழுதையை எந்தக் காரணத்துக்கும் எடுக்கக் கூடாது. பெண் கோவேறு கழுதை குட்டி போடாதே தவிர சினைப்பருவத்துக்கு வரும். ஆண் கழுதை நாள் முழுக்கத் துரத்தும், கடிக்கும். அதேபோல் ஆண் கோவேறு கழுதைக்கும் காயடித்தே ஆக வேண்டும். மலடு என்பதால் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. சினை பிடிக்க வைக்கும் விந்து உருவாகாவிட்டாலும் விதையில் ஆண் ஹார்மோன் முழுதாகச் சுரக்கும். காயடிக்காததைத் தோப்பில் சேர்ப்பதே இல்லை, காயடித்து ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

கழுதை விஷயத்தில்தான் முதல் குறை. கழுதைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்ளும். கழுத்து மேட்டை மாற்றி மாற்றிச் சொறிந்துவிடுவது, தலைக்கு வால் என்று எதிரெதிராக நின்று ஈ ஓட்டுவது, ஒன்று தண்ணீருக்குப் போனால் மற்றதும் பின்னாலேயே போவது. இப்படி நின்ற ஒரு ஜோடியிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து விற்கிறார்கள். பிரித்த கழுதை தின்னாமல் நிற்கும். கழுதை ஒரு நாள் தின்னாமல் இருப்பது, மாடு ஒரு நாள் தின்னாமல் இருப்பது மாதிரி இல்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு ரத்தத்தில் கரைந்து இறங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் அடைத்துவிடும், ஹைப்பர்லிபீமியா என்பார்கள். கொழுத்த உடம்பும், சினையும், மனக் கலக்கமும் இதற்குத் தூண்டுகோல். கோவேறு கழுதைக்கும் மட்டக்குதிரைக்கும்கூட இது வரும். வந்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஆகவே ஜோடியில் ஒன்றைத் தந்தால் வாங்காதீர்கள். ஜோடியாகவே எடுங்கள், அல்லது தனியாக நிற்பதைக் கேளுங்கள். ஜோடியாக எடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், கோவேறு கழுதை மூன்றாவது ஆளாக ஒதுங்கி நிற்கும். இடமும் தீவனமும் தாங்கும் என்றால் நான்காக வைப்பது நல்லது.

ஆடு மலிவு, எங்கேயும் கிடைக்கும், அதனால் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கோவேறு கழுதைக்கு ஆடு முழுத்துணை ஆகாது. குதிரை இனம் பேசும் பாஷை வேறு; காது மடக்கினால் விலகு என்று அர்த்தம், ஆடு அதைப் புரிந்துகொள்ளாமல் வயிற்றுக்கடியில் புகும், தொட்டிக்குள் ஏறி நிற்கும். சில கோவேறு கழுதைகள் பொறுத்துக்கொள்ளும். சில, முன்னங்காலால் அடிக்கும், பிடரியைக் கவ்வி உதறும். நரியையும் நாயையும் விரட்டும் அதே குணம்தான் ஆட்டுக்குட்டி மேலும் பாயும். குட்டி போடும் நிலையில் இருக்கும் வெள்ளாட்டையோ செம்மறியையோ கூடவே விடுவது ஆபத்து. வாலையும் பிடரி முடியையும் ஆடு மென்று குட்டையாக்கிவிடுவதும் உண்டு. தோப்பில் கொம்பில்லாத, வளர்ந்த கிடாய்களை, காயடித்தவற்றை மட்டும் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஏற்கெனவே ஒரு குதிரைத் துணை இருக்கும் இடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். நியாயமான முடிவு.

செம்மறி என்றால் நம் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளைதான். சாந்தமான ஆடு. ஆனால் குதிரைத் தாதுக்கலவையில் இருக்கும் தாமிரம் செம்மறிக்கு விஷம். ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் திடீரென்று மஞ்சளாகி விழும். தாதுக்கட்டியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

மாடு வேண்டாம். புலிக்குளம் மாடு கூர்கொம்போடு, கிடையில் வளர்ந்த அரைக்காட்டு குணம் உள்ளது. கேட்டில் நெருக்கடி வந்தால் வயிறு கிழியும். கொம்பில்லாத கலப்பின மாடு அந்த அளவுக்கு மோசமில்லை, இருந்தாலும் சர்ரா நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். மாடு, எருமை ரத்தத்தில் அந்தக் கிருமி வெளியே தெரியாமல் இருக்கும். கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் அதைக் குதிரைக்குக் கொண்டுவரும். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்றடியிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் எலும்பாகும் உடம்பு. மழை முடிந்து கண்மாய் ஓரம் ஈ பெருகும் மாதங்களில் இது அதிகம். இப்படித் தெரிந்தால் ரத்தப்பூச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தக் கால்நடையைக் கூட வைத்தாலும் தீவன மூட்டையில் கவனம் வேண்டும். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவை குதிரை இனத்தின் இதயத் தசையை அழிக்கும், கொஞ்சமே போதும். சில மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின் உண்டு. தோப்பில் கோழிக்கூண்டும் குதிரைத் தீவன அறையும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள், அள்ளும் படி ஒன்றே. அவர்களிடம் சொன்னதும் படியை மாற்றிவிட்டார்கள், அறையை இன்னும் மாற்றவில்லை.

இரண்டாவது பெரிய குறை தனிமைப்படுத்தல். புதிதாக வருவதைப் பத்து நாள் மட்டுமே தனியே கட்டுகிறார்கள். மூன்று வாரம் வேண்டும். தொண்டைக்கட்டி நோய் பத்து நாளுக்குள் வெளியே தெரியாமல் போகலாம். தூரமும் வாளியும் முக்கியம்; குறைந்தது 25 மீட்டர், தனி வாளி, தனிச் சீப்பு, கடைசியாக அதற்குத் தீவனம் போட்டுவிட்டு வீடு போகும் ஆள். தினமும் காலையில் காய்ச்சல் பார்க்க வேண்டும். கழுதைக்குச் சராசரி 37.1 டிகிரி செல்சியஸ், 37.8க்கு மேல் போனால் காய்ச்சல், குதிரைக்கு 38.5 வரை சாதாரணம். குதிரைக் கணக்கைக் கழுதைக்குப் போட்டால் நோய் தப்பிவிடும். வடக்கே இருந்து சந்தை வழியாக வந்த விலங்கு என்றால் கிளாண்டர்ஸ் ரத்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் விலங்கைக் கொல்ல வேண்டியிருக்கும். தோப்பில் அந்தத் தாளைக் காட்டுகிறார்கள். தனுர்வாயு ஊசிச் சீட்டும் இருக்கிறது.

குடற்புழு மருந்து எல்லாவற்றுக்கும் கொடுத்தே சேர்க்கிறார்கள். கழுதையை எடுப்பவர்களுக்கு இதில் ஒரு விஷயம். நுரையீரல் புழு கழுதையில் இருமல் இல்லாமலே இருக்கும், அதே மேய்ச்சலில் நிற்கும் மட்டக்குதிரை மாதக்கணக்கில் இருமும். ஐவர்மெக்டின் இதற்குக் கேட்கும். எடையை நாடாவால் அளந்து அதற்கேற்ற அளவு கொடுக்க வேண்டும், கண்ணால் பார்த்து உத்தேசமாகக் கொடுத்தால் குறைந்துபோகும்.

சேர்த்து விடும் முறையில் இவர்களை மெச்ச வேண்டும். முதல் வாரம் இரட்டை வேலி. நடுவில் ஆறடி இடைவெளி, பார்க்கலாம், மோக்கலாம், மூக்கு முட்டாது. அடுத்த வாரம் ஒற்றை வேலி. மூங்கில் குறுக்குக் கட்டை, முள்கம்பி எங்கேயும் இல்லை. இந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை நின்று பார்க்க வேண்டும்: சாம்பல் கழுதை வேலிக்கு நெருங்கி, கழுத்தை நீட்டி மூச்சை உள்ளிழுக்கும். இந்தப் பக்கம் கோவேறு கழுதையின் மூக்குத்துளை அகன்று, மேல் உதடு மெல்ல நடுங்கும். ஒரு காது முன்னால், ஒரு காது பக்கவாட்டில். பிறகு ஒரு சின்னக் கத்தல், முன்காலால் மண்ணை ஒரு தட்டு, உடனே விலகல். பத்து நிமிடத்தில் திரும்பவும் வருகிறது. இப்படித் திரும்ப வருவதுதான் நல்ல அறிகுறி. வேலியைப் பார்த்ததும் காதைப் பிடரியோடு ஒட்டி, பல்லைக் காட்டி, வேலியோடு வேலியாக நடந்து மற்றதை மூலைக்குத் தள்ளப் பார்த்தால் அந்தத் துணை ஆகாது. இன்னொரு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு மாற்றுகிறார்கள்.

மூன்றாவது வாரம் ஒன்றாக விடும் நாள். காலையில்தான் விடுகிறார்கள், நாள் முழுக்கக் கண் வைக்கலாம் என்பதற்காக. பின்னங்கால் லாடத்தைக் கழற்றுகிறார்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத பொட்டல். மூலைகளில் வேலியை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அடைபட்டுப் போகும் மூலைதான் அடிக்கும் கடிக்கும் இடம். மேயும் நிலத்துக்கு விலங்குக்கு அரை ஏக்கர் குறையாமல் வேண்டும். வைக்கோல், கடலைக்கொடி குவியல்கள் விலங்கு எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம், குவியலுக்குக் குவியல் பத்து மீட்டர். தண்ணீர்த் தொட்டி இரண்டு. கொள்ளு, தவிடு அந்த நாளில் கிடையாது. சண்டை வருவது அதற்குத்தான். முதல் கால் மணி நேரம் ஓட்டமும் உதையும் இருக்கும், குறுக்கே போகாமல் நிற்கிறார்கள். ரத்தம் வரும் காயம், கீழே விழுந்ததை மேலே அழுத்துதல், மணிக்கணக்கில் விடாத துரத்தல் இருந்தால் மட்டும் தலையிடுகிறார்கள்.

குதிரைக் கொட்டகையில் ஒரு குறை. தகரக் கூரை, ஒரே வாசல். சித்திரை, வைகாசியில் உள்ளே தகிக்கும், பலம் குறைந்தது வாசலில் நிற்கும் பலசாலியைத் தாண்டி வெளியே வர முடியாது. கீற்று வேய்ந்து, எதிரெதிரே இரண்டு வாசல் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். தோப்பில் வேறு ஆபத்துகளைக் கவனித்து எடுத்திருக்கிறார்கள்: அரளி ஒரு செடிகூட இல்லை. சாமிக்கு வைக்கும் அரளி இந்த விலங்குகளுக்கு எமன், வாடிய இலையும் அப்படியே. உண்ணிச்செடியும் வெட்டியிருக்கிறார்கள். சீமைக்கருவேல் வேலி ஓரத்தில் மட்டும் மிச்சம். காய் உதிரும் காலத்தில் பெருக்குகிறார்கள், நிறையத் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும், முள் குளம்பில் ஏறினால் மாதக்கணக்கில் நொண்டும்.

ஒப்பந்தம் பற்றிச் சொல்ல வேண்டியது: துணை ஒத்துப்போகவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், வண்டிக் கூலி நம்முடையது. ஒரு முக்கியமான விஷயத்தை அவர்கள் சொல்வதில்லை, நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கொடுத்தனுப்பும் துணையும் உங்கள் விலங்கும் ஒரே வண்டியில் ஒன்றாகவே வரட்டும். தனித்தனி நடையில் வந்தால் நாலு வாரம் சேர்த்தது கலையும். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றை மட்டும் வேலைக்கோ மருத்துவத்துக்கோ எடுக்கும் முன், முதலில் ஐந்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு ஒரு மணி நேரம் என்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பிரித்துப் பழக்குங்கள். கூட்டத்தில் ஒன்று செத்துப்போனால் உடனே தூக்கிவிடாதீர்கள். மற்றதை அருகே விட்டு, அது மோந்து, நின்று, தானாக நகரும் வரை விடுங்கள். உடலைப் பார்க்காதது நாள்கணக்கில் தேடிக் கத்தும், தின்னாது. தின்னாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

புதிதாகக் கொண்டு விடுபவர்கள் ஆவணிக்குள் விட்டுவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோப்புக்குள் செம்மண் பாதையில் வண்டி இறங்காது, பொட்டலும் சேறாகிவிடும், சேற்றில் ஒன்றாக விடும் நாளை வைத்தால் ஓடும்போது கால் வழுக்கித் தசை பிடிக்கும். மழைக்குள் சேர்த்து முடித்துக் கூட்டி வந்தால், கார்த்திகையில் ஈ பெருகும்போது இரண்டும் தலைக்கு வாலாக நின்று ஒன்றுக்கொன்று ஓட்டிக்கொள்ளும்.